குளிரில் பிடிக்காத பழைய டீசல் வண்டி: நீலகிரி ஓட்டுநர்கள் கேட்கும் கேள்விகள்

ஐப்பசி முடிந்து நீர்ப்பனி இறங்க ஆரம்பித்ததும் ஒர்க்‌ஷாப் பக்கம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: "காலையில் வண்டி பிடிக்கமாட்டேங்குது, ஹீட்டர் பிளக் மாத்திடலாமா?" மாற்றலாம். ஸ்டார்ட் பண்ணும் முன் இன்ஜினுக்குள் சூடேற்றுகிற மின்சாரச் சுருள் அது. ஆனால் கோளாறு அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றினால் காசு மிஞ்சும். கீழே இருப்பவை மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய லாரி, வேன், டிராக்டர்களுக்கான பதில்கள். சென்சார், காமன் ரெயில் வைத்த புது வண்டிகளுக்கு இது பொருந்தாது.

மேட்டுப்பாளையத்தில் ஒரே செல்ஃபில் பிடிக்கிற வண்டி, ஊட்டியில் ஒரு ராத்திரி நின்றால் ஏன் மக்கர் பண்ணுகிறது?

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்துகிற அழுத்தில் காற்று சூடாகி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சுற்றி இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். அழுத்துவதற்கே காற்று குறைவு, அந்தக் காற்றும் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடக்கிறது. போதாக்குறைக்கு இன்ஜின் ஆயில் கெட்டியாகி செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் அழுத்திய சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும், பிஸ்டன் ரிங் வழியாகவும் காற்று கசியும். பேட்டரியும் குளிரில் முழு பலம் காட்டாது.

கீழே சமவெளியில் இந்த நாலில் ஒன்று கொஞ்சம் பழுதாக இருந்தாலும் வெயில் அதை மூடிவிடும். ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தாவிலோ காந்தளிலோ விடியற்காலை மூடாது.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

சைலன்சரைப் பாருங்கள். உள்ளே ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், நீங்கள் பின்னால் போய் நில்லுங்கள். டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், டீசல் சிலிண்டருக்குப் போகிறது, பற்றத்தான் சூடு போதவில்லை என்று அர்த்தம். அப்போது ஹீட்டர் பிளக், செல்ஃப் வேகம், கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அழுத்துகிற அழுத்தம்), நாசில் (டீசலைத் தூவுகிற முனை) ஸ்பிரே என்று தேட வேண்டும். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. ஏர் பிடித்திருக்கலாம் (டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கலாம்), ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்ஜினை நிறுத்துகிற ஸ்டாப் கேபிள் சிக்கியிருக்கலாம். புகை வராத வண்டிக்கு நாலு ஹீட்டர் பிளக் புதிதாகப் போட்டாலும் ஒன்றும் நடக்காது.

அடுத்து காது. நன்றாகச் சுற்றும் செல்ஃபின் சத்தம் ஒரே சீராக வரும். ஒவ்வொரு கம்ப்ரஷனிலும் திக்கித் திக்கி மூச்சுவாங்கினால் மின்சாரப் பக்கம் போங்கள். சுற்றச் சுற்ற ஒரு இடத்தில் மட்டும் லேசாக ஓடுகிற மாதிரி கேட்டால் அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் போயிருக்கிறது.

ஒரு தடவைக்கு பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிடமாவது விட்டு அடுத்தது அடியுங்கள். விடாமல் பிடித்தால் பேட்டரிக்கு முன்னால் செல்ஃப் மோட்டார் கருகும்.

பேட்டரி புதுசு. ஆனாலும் செல்ஃப் இழுக்கவில்லை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். மலையில் நான் அதிகம் பார்க்கிற கோளாறு எர்த் கேபிள்தான், பேட்டரி நெகட்டிவிலிருந்து சேசிஸுக்குப் போகிற கேபிள். மெஷினில் கழுவிய கேரட், தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறுகிறது. சேறும் தண்ணீரும் சேசிஸ் வழியாக வடிகிறது. எர்த் கேபிள் சேசிஸில் பிடிக்கிற போல்ட்டின் கீழ் துரு ஏறும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், கேபிளின் லக்கை (முனை வளையத்தை) திருப்பினால் உள்ளே பச்சையாக, மாவு மாதிரி உதிரும். லைட் எரிய அது போதும், ஹாரன் அடிக்கவும் போதும். செல்ஃப் இழுக்கிற சில நூறு ஆம்புக்குப் போதாது.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மல்டிமீட்டரை வையுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் தூணில், கிளாம்ப்பில் அல்ல, தூணிலேயே. மறுமுனை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில். செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. பாசிட்டிவ் பக்கமும் இதேபோல் பேட்டரி தூணுக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய டெர்மினலுக்கும் நடுவில் பாருங்கள். கேபிளைக் கழற்றி, லக்கையும் சேசிஸ் உலோகத்தையும் எமரி தாளால் வெள்ளையாகத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகிற பின்னல் பட்டையையும் மறக்க வேண்டாம். கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்டாமலே விட்டிருப்பார்கள்.

கேபிளெல்லாம் சரி, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் தூணிலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுகிறதா? அப்போது பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற நல்ல பேட்டரி 12.6 பக்கம் காட்ட வேண்டும். 24 வோல்ட் லாரியில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் பழையது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும்.

இதற்கெல்லாம் தப்பினால்தான் செல்ஃப் மோட்டார். கார்பன் தேய்ந்ததா, சாலினாய்டு காண்டாக்ட் கருகியதா, புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் (சுற்றுகிற பகுதி) உள்ளே உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.  புஷ் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சரில் உரசின தடம் மினுமினுக்கும்.

என் டாடா 407-ல் ஹீட்டர் பிளக்கே காணோம். யாராவது கழற்றி விற்றுவிட்டார்களா?

இல்லை. டீசலை நேரே பிஸ்டன் தலையில் அடிக்கிற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் பொதுவாக ஹீட்டர் பிளக் இருக்காது. பழைய 407-உம் பெரிய டாடா, லேலண்ட் லாரிகளும் இந்த வகை. டீசல் முதலில் ஒரு சின்ன அறையில் பற்றி அப்புறம் சிலிண்டருக்கு வருகிற இன்ஜின்களுக்குத்தான் பிளக் கட்டாயம். மெர்சிடீஸ் ஓ.எம். 616 இன்ஜின் வைத்த டெம்போ வேன்கள், பியூஜோ இன்ஜின் வைத்த மஹிந்திரா ஜீப்புகள், ஆரம்ப கால டாடா சுமோ இதில் வரும். அந்தச் சின்ன அறையின் சுவர் சூட்டை உறிஞ்சிவிடுவதால் பிளக் செத்தால் ஊட்டிக் காலையில் பிடிப்பது அபூர்வம்.

ஹீட்டர் பிளக்கை எப்படிச் சோதிப்பது?

எல்லா பிளக்கையும் இணைக்கிற பட்டையை முதலில் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் சோதித்தால் ஒன்றின் கரண்ட் இன்னொன்றில் ஓடி, செத்ததும் உயிரோடு இருப்பதாகக் காட்டும். ஒரு டெஸ்ட் லைட்டின் கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். எரிந்தால் கம்பிச்சுருள் அறுந்துபோகவில்லை. எரியவில்லை என்றால் அந்தப் பிளக் போச்சு. மீட்டர் வைத்தால் 12 வோல்ட் பென்சில் பிளக் ஒரு ஓம் பக்கம் காட்டும்.

லைட் எரிந்தாலும் பிளக் நன்றாகச் சூடாகிறது என்று சொல்லிவிட முடியாது. கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஒவ்வொன்றும் இழுக்கிற ஆம்பைப் பாருங்கள். ஆரம்பத்தில் அதிகம் இழுத்து, சூடேறச் சூடேறக் குறைந்து பத்து ஆம்பை ஒட்டி நிற்கும். நாலில் ஒன்று மட்டும் பாதி இழுத்தால் அதை மாற்றுங்கள். வெளியே எடுத்துப் பார்ப்பதானால் வைஸில் பிடித்து கரண்ட் கொடுங்கள், முனை முதலில் சிவக்க வேண்டும். நடுவில் சிவந்து முனை கறுப்பாகவே இருந்தால் கழிவு. கையில் பிடிக்காதீர்கள். உறையில் எழுதியிருக்கிற வோல்ட்டையும் பாருங்கள், 12-ஐவிட வெகுவாகக் குறைந்த வோல்ட் பிளக்குக்கு நேரே பேட்டரி கொடுத்தால் கண் முன்னாலேயே எரிந்துபோகும்.

பழைய சில மெர்சிடீஸ் வகைகளில் வளையக் கம்பி பிளக்குகள் சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். அங்கே ஒன்று அறுந்தால் எல்லாமே செத்த மாதிரிதான். கரண்ட் வருகிற முனையிலிருந்து டெஸ்ட் லைட்டோடு நகர்ந்து வாருங்கள், எந்த பிளக்கைத் தாண்டியதும் லைட் அணைகிறதோ அதுதான் குற்றவாளி.

எடுத்த பிளக்கின் முனையைக் கூர்ந்து பாருங்கள். வீங்கியிருந்தால் ரிலே ஒட்டிக்கொண்டு வண்டி ஓடும்போதும் கரண்ட் போயிருக்கும். உருகியோ அரித்தோ இருந்தால் அந்த சிலிண்டரின் நாசில் தூவாமல் ஒழுக்குகிறது. நாசிலைச் சரிசெய்யாமல் புது பிளக் போட்டால் அதுவும் சீக்கிரம் அதே கதிக்கு வரும்.

கழற்றும்போது பிளக் பாதியில் உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே?

உடையும். பல வருஷம் கார்பன் ஏறிய பிளக் மெல்லிய தண்டோடு முறிந்தால் சிலிண்டர் ஹெட்டை இறக்க வேண்டி வரலாம். முந்தின நாள் சாயங்காலமே துரு இளக்கும் ஆயிலை அடியில் விட்டு வையுங்கள். வண்டியை ஒரு ஓட்டு ஓட்டி இன்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றுங்கள். நீளக் கைப்பிடி வேண்டாம். கொஞ்சம் தளர்த்தி, திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று பொறுமையாக வாருங்கள். மாட்டும்போது கையாலேயே கடைசி வரை திருகிவிட்டு ஸ்பேனரில் அளவாக இறுக்கினால் போதும். முழு பலத்தையும் காட்டினால் அடுத்த முறை உடையப்போவது அதுதான்.

டேஷ்போர்டில் ஹீட்டர் லைட் எரிந்து அணைகிறது, ஆனால் பிளக்குக்குக் கரண்ட் வரவில்லை. எப்படி?

லைட்டை எரிய வைப்பது டைமர், பிளக்குக்குக் கரண்ட் விடுவது ரிலே. லைட் எரிந்தது ரிலே ஒட்டியதற்குச் சாட்சி ஆகாது. சாவி போட்டதும் ரிலேயின் வெளி டெர்மினலில் மீட்டர் வையுங்கள். நடுவில் ஃபியூஸ் பட்டை இருந்தால் அதையும் பாருங்கள், மயிரிழை விரிசல் விட்டிருக்கும்.

டைமர் கிடைக்கவில்லை என்று பலர் புஷ் பட்டன் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை, பழைய வண்டிக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஹாரன் ரிலேயையும் ஹாரன் வயரையும் போட்டுவிடுகிறார்கள். நாலு பிளக் சேர்ந்து ஆரம்பத்தில் அறுபது ஆம்புக்கு மேல் இழுக்கும். அதற்குத் தகுந்த கனமான ரிலேயும் 10 சதுர மில்லிமீட்டர் வயரும் பேட்டரி பக்கத்தில் ஒரு ஃபியூஸும் வேண்டும். கையை எடுத்ததும் விட்டுவிடுகிற பட்டனாகவே போடுங்கள். ஆன், ஆஃப் சுவிட்ச் போட்டால் மறந்துவிட்டுக் குன்னூர் வரை போய்விடுவீர்கள்.

டிராக்டர் சிம்ப்சன் இன்ஜின். இன்ஜினுக்குக் காற்று போகிற மேனிஃபோல்டில் ஒரு ஹீட்டர் மாதிரி இருக்கிறது, அது என்ன?

பெர்கின்ஸ் வழி வந்த இன்ஜின்களில் வருகிற தெர்மோஸ்டார்ட். சாவியை ஹீட் நிலையில் பிடித்தால் உள்ளே சுருள் சூடாகி, ஒரு சின்ன வால்வு திறந்து, டீசல் சொட்டி, மேனிஃபோல்டுக்குள்ளேயே தீ பற்றும். அந்தச் சூடான காற்றைத்தான் இன்ஜின் இழுக்கும். பதினைந்து இருபது விநாடி பிடித்துவிட்டு, ஹீட்டை விடாமலே செல்ஃப் அடிக்க வேண்டும். வேலை செய்யவில்லை என்றால் கரண்டுக்கு முன்னால் டீசல் குழாயைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் வறண்டு கிடக்கும். நேர்மாறாக வால்வு மூடாமல் ஒழுகினால் ஓடும்போதும் வெள்ளைப் புகை நிற்காது.

ராத்திரி நின்றால் மட்டும் ஏர் பிடிக்கிறது. ஹேண்ட் பம்ப் அடித்தால் பிடித்துக்கொள்கிறது.

அப்படியானால் எங்கோ காற்று நுழைந்து, டீசல் டேங்குக்கே இறங்கிப் போகிறது. வெளியே ஒழுகாது. இழுக்கிற பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் கசிவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது தலைவலி. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு டியூப்பைத் தற்காலிகமாக மாட்டி, சாயங்காலம் குமிழ் இல்லாமல் பார்த்துவிட்டுப் போங்கள். காலையில் டியூப் காலியாக இருந்தால் சந்தேகம் உறுதி. பழைய ரப்பர் ஹோஸ், பாஞ்சோ போல்ட்டின் (குழாயை இணைக்கிற துளை போல்ட்) செம்பு வாஷர், ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர், ஹேண்ட் பம்ப்பின் பிஸ்டன், ஃபீட் பம்ப்பின் நான்-ரிட்டர்ன் வால்வு என்று வரிசையாகப் பாருங்கள். செம்பு வாஷரைத் திரும்பப் போடுவது ரொம்பப் பேரின் சிக்கனம். சில ரூபாய் சாமான்.

ஏர் எடுக்கும்போது, அதாவது காற்றை வெளியே விடும்போது, ஃபில்டர் ஸ்க்ரூவில் தொடங்கி, அப்புறம் பம்ப், கடைசியாக நாசில் நட்.

ஸ்டார்ட் பண்ணும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டுமா?

வரிசையாக நாசில் குழாய் கிளம்புகிற பழைய மைக்கோ பம்ப்புகளில் பெரும்பாலும் முழுதாக மிதித்தால்தான் ஸ்டார்ட்டிங்குக்கான கூடுதல் டீசல் கிடைக்கும். பிடித்ததும் காலைத் தூக்கிவிடுங்கள். கையால் இழுத்து இன்ஜினை நிறுத்துகிற ஸ்டாப் கேபிள் இருந்தால் அதன் நாபை ஒருமுறை உள்ளே தள்ளிப் பாருங்கள். கேபிளுக்குள் ஈரம் போய், குளிரில் இறுகி, நாப் உள்ளே போன மாதிரி தெரிந்தாலும் பம்ப்பில் லீவர் பாதியிலேயே நிற்கும். பானெட்டைத் திறந்து லீவரைக் கையால் தள்ளினால் போதும், வண்டி பிடித்துக்கொள்ளும்.

இறக்கத்தில் நிறுத்திவிட்டு, காலையில் உருட்டி கியர் போட்டால் பிடிக்கிறது. பிறகெதற்கு ரிப்பேர்?

மலையில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான் இது. கோளாறு மாசக்கணக்கில் மறைந்து கிடப்பதற்கும் இதுதான் காரணம். வீட்டுப் பக்கம் இறக்கம் இருக்கிறவரை பேட்டரியும் செல்ஃபும் எப்படி இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் தேயிலை ஃபேக்டரி முற்றத்தில், சமதரையில் கொழுந்து லோடோடு நிற்கும்போது தெரியும்.

அதைவிடப் பெரிய விஷயம் பிரேக். ஏர் பிரேக் லாரியில் ராத்திரியில் டேங்க் காற்று இறங்கியிருக்கும். ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டி நகரவே நகராது. இல்லாத பழைய வண்டி நகரும், ஆனால் இன்ஜின் பிடிக்காவிட்டால் நிறுத்துவதற்குக் காற்று இருக்காது. 407 மாதிரி வேக்குவம் உதவியுள்ள வண்டியில் பெடல் கல்லாக இருக்கும். கல்லட்டி மாதிரி 36 கொண்டை ஊசி வளைவு உள்ள ரோட்டில், ஒரு வளைவில் நின்று இதைச் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேறு வழியே இல்லை என்றால் ஜம்பர் கேபிள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டிங் ஸ்பிரே, துணிப் பந்தம், சுடுதண்ணீர்: எது பரவாயில்லை?

ஸ்பிரேயில் இருக்கிற ஈதர் டீசலைவிட வெகு குறைந்த சூட்டிலேயே பற்றிவிடும். ஹீட்டர் பிளக்கோ தெர்மோஸ்டார்ட்டோ உள்ள இன்ஜினில் அதை அடித்தால் மேனிஃபோல்டே வெடிக்கலாம். இல்லாத இன்ஜினிலும் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே பற்றி, ரிங்கை உடைக்கும். பழகிய இன்ஜின் அப்புறம் அது இல்லாமல் எழுந்திருக்காது என்று சொல்வதில் உண்மை இருக்கிறது: ரிங் கெட்டுக் கம்ப்ரஷன் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். ஏர் கிளீனரில் பெட்ரோல் துணி வைப்பதும் இதே ரகம். ஆயில் சேம்பருக்கு அடியில் தீ மூட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம், டீசல் கசிகிற பழைய வண்டி அது.

சுடுதண்ணீரை மேனிஃபோல்டின் வெளிப்புறத்தில் ஊற்றலாம், மின்சார இணைப்புகளில் படாமல். டீசல் பம்ப்பின் மேல் மட்டும் ஊற்றாதீர்கள். உள்ளே டீசலைத் தள்ளுகிற பிளஞ்சருக்கும் அது ஓடுகிற பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், ஒன்று சட்டென்று விரிந்தால் பிடித்துக்கொள்ளும்.

டீசல் உறைந்துபோகுமா? மண்ணெண்ணெய் கலக்கலாமா?

கட்டியாக உறையாது, மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைக்கலாம். டீசலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1460. ஃபில்டர் அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை குளிர்காலத்தில் 6 டிகிரி, கோடையில் 18 டிகிரி வரை போகலாம் என்று அது அனுமதிக்கிறது. பங்கில் கிடைப்பது பெரும்பாலும் இதைவிட மேலானதுதான். ஆனாலும் வெயில் காலத்தில் சமவெளியில் நிரப்பிய டேங்கோடு ஷெட்டில் கிடந்த வண்டி, உறைபனி விழுந்த காலையில் பிடித்து இரண்டு நிமிடத்தில் மூச்சடைத்து நின்றால் இதைச் சந்தேகிக்கலாம். வெயில் ஏறியதும் தானாகச் சரியாகும்.

மண்ணெண்ணெய் வேண்டாம். பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெய்ப் பசையும்கூட. மண்ணெண்ணெயில் அந்தப் பசை குறைவு, பிளஞ்சர் தேயும். சட்டப்படியும் குற்றம். அதற்குப் பதில் சாயங்காலமே டேங்கை நிரப்பி வையுங்கள், காலி இடத்தில் ஈரம் வேர்த்துத் தண்ணீர் சேராது. ஃபில்டர் அடியில் உள்ள தண்ணீரை வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள்.

கம்ப்ரஷன் டெஸ்டில் எல்லா சிலிண்டரும் குறைவு, இன்ஜின் வேலைதான் என்கிறார்கள். நம்பலாமா?

எங்கே டெஸ்ட் எடுத்தார்கள் என்று கேளுங்கள். புத்தகத்தில் போட்டிருக்கிற அளவு தாழ்வான ஊருக்கானது. சமவெளியில் 28 பார் காட்டுகிற நல்ல இன்ஜின் ஊட்டியில் 21, 22 காட்டினால் அது பழுதல்ல, உயரம். இங்கே சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். மூன்று ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் கீழே கிடந்தால் அங்கே கோளாறு. டேப்பெட் இடைவெளி இறுகி வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம், இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் அதைச் சரிசெய்து மறுபடி எடுங்கள்.

ஆயில்?

15டபிள்யூ-40. வெறும் 40 நம்பர் ஆயில் மலைக்கு ஆகாது.

பிடித்ததும் உடனே கிளப்பலாமா?

ஆயில் லைட் அணையட்டும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் மிதமான வேகத்தில் விடுங்கள். அரைமணி நேரம் ஐடிலில் விட்டால் இன்ஜின் சூடாகாது, டீசல்தான் போகும். மெதுவாக ஓட்டினால் சீக்கிரம் சூடாகும். ஏர் பிரேக் வண்டியில் மட்டும் காற்று மீட்டர் முள் 6 பாரைத் தொடும்வரை சக்கரத்துக்கு அணை கொடுத்த கல்லை எடுக்காதீர்கள். ஏர் டேங்கின் தண்ணீரை முந்தின சாயங்காலமே திறந்துவிட்டிருக்க வேண்டும். உறைபனி ராத்திரியில் வால்வுக்குள் அது உறைந்தால் முள் ஏறினாலும் சக்கரத்துக்குக் காற்று போகாது.